தாயின் கூற்றுப்படி, பெண்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு குறிப்பு எழுதவேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் குறிப்பு, சதுர அடைப்புக்குறிக்குள், இரண்டு வரி. எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தும்விட்டேன். ஆனால் அந்த இரண்டு வரிக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றவை நிறைய. அவற்றை வைத்து எழுதியதுதான் இது.

நான் லுப்லின் நகரத்தில் ஆங்கிலத்துக்கு உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர். மூலத்துக்கு உண்மையாக இருப்பேன் என்றும், தெரிந்துகொண்டதை வெளியே சொல்லமாட்டேன் என்றும் சத்தியம் செய்தவள். கதை எழுதும்போது முதல் சத்தியத்துக்கு வேலையில்லை. இரண்டாவது மட்டும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால், என்னிடம் வந்த பெண்ணின் பெயரை மாற்றியிருக்கிறேன். கணவனின் ஊரை மாற்றியிருக்கிறேன். நோயின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவள் என்ன கேட்டாள் என்பதை மட்டும் மாற்றவில்லை.

அவளை போக்னா என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு சொல்லை விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள்.

2

முதல் தொடக்கம்:

"மழை பெய்துகொண்டிருந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டு ரோமானா நிமிர்ந்தபோது —"

[கைவிட்டேன். அன்று மழை பெய்யவில்லை. துக்கம் வரப்போகிறது என்றால் மழையை முன்னால் அனுப்பிவைக்கிற பழக்கம் எனக்கும் இருக்கிறது. தவிர, என்னை நானே 'ரோமானா' என்று எழுதும்போது யாரோ என் கோட்டைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருக்கிறது.]

இரண்டாம் தொடக்கம்:

"டாக்டர் திரையில் எதையோ தேடினார். தேடத் தேட அவருடைய பேச்சு குறைந்தது. போக்னா கூரையிலிருந்த விளக்கைப் பார்த்தபடி —"

[இதையும் கைவிட்டேன். நான் அந்த அறையில் இல்லை. என்னிடம் இருந்தது மருத்துவமனை கொடுத்த தாள். அதில் 'பதினோராவது வாரம். இதயத்துடிப்பு இல்லை' என்று இருந்தது. விளக்கைப் பற்றி எதுவும் இல்லை.]

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அதில் நானே இருந்தேன்.

அன்று கொழுத்த வியாழன். நோன்புக்காலம் தொடங்குவதற்கு முன்பு வருகிற அந்த வியாழக்கிழமை, ஊரே ஜாம் வைத்த இனிப்பு உருண்டைகளுக்காக வரிசையில் நிற்கும். எங்கள் அலுவலகத்தில் இரண்டு மேசை. ஒன்று என்னுடையது, மற்றொன்று காஜிக்கினுடையது. அவர் ஜெர்மன் மொழிக்கு. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த பெண்ணின் ஒரு கையில் கோப்பு, மறுகையில் அட்டைப்பெட்டி.

"வரலாமா? வெறுங்கையோட போகாதேன்னு அம்மா சொன்னாங்க. வரிசைல நின்னு வாங்கிட்டு வந்தேன்."

"உள்ள என்ன, ரோஜா ஜாமா?" என்றார் காஜிக்.

"ரோஜா ஜாம்தான்."

"உக்காருங்க பானி" என்றார். எங்கள் மொழியில் அது 'மேடம்'. "ரோமானா, மத்த வேலையெல்லாம் கிடக்கட்டும். இவங்களோடத முதல்ல எடு."

அவள் சிரித்தாள். பிறகு கோப்பைத் திறந்து என் மேசையில் வைத்தாள். மேலே இருந்த தாளைப் பார்த்ததும் காஜிக் உருண்டையைப் பாதியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.*

* இந்தக் கதையின் முதல் வாசகரும் அவர்தான். இந்த இடம்வரை படித்துவிட்டுச் சொன்னார்: "பெரும்பாலும் திருட்டுப்போன காருக்குத்தான் நான் மொழிபெயர்க்கறேன். அந்தக் கதைங்கள்ல எல்லாரும் உயிரோட இருப்பாங்க, கார் மட்டும்தான் இருக்காது. நீயும் அப்படி ஏதாவது எழுதேன்."

3

கதையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, நான் செய்கிற வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இது தெரியாமல் பின்னால் நடப்பது புரியாது. அதோடு, இதை விளக்குவது எனக்குப் பிடிக்கும்.

எங்கள் மருத்துவர்கள் எழுதும் சொற்கள் வெளிப்படையானவை. கரு உள்ளேயே உயிரிழந்து, உடல் இன்னும் அதை வெளியேற்றாமல் இருந்தால், 'இறந்த கர்ப்பம்' என்று எழுதுவார்கள். அதே நிலைக்கு ஆங்கிலத்தில் புழங்கும் பெயரில் 'தவறவிட்ட' என்ற சொல் வருகிறது, பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி. அதன்பின் கருப்பையைச் சுத்தம் செய்வதற்கு எங்களிடம் உள்ள சொல்லுக்குள் ஒரு சின்னக் கரண்டி இருக்கிறது. டீ கலக்குகிறோமே, அதே கரண்டி. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது அது பிரெஞ்சிலிருந்து வந்த நாகரிகமான ஒரு சொல்லாகிவிடும். கரண்டி யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு சின்ன நிம்மதி. படிக்கப்போகிறவருக்காவது அது தெரியவேண்டாம்.

சொற்களைவிடச் சிக்கலானவை பதிவுகள். போக்னா இப்போது வாழும் அயர்லாந்தில் குறிப்பிட்ட சில வாரங்களைத் தாண்டிய பிறகு இழந்தால்தான் 'இறந்து பிறந்த குழந்தை' என்று பதிவு செய்வார்கள். எங்கள் ஊரில் எந்த வாரமானாலும், பெற்றோர் விரும்பினால், அப்படி ஒரு சான்றிதழ் வாங்கலாம். குழந்தைக்குப் பெயர் கிடைக்கும். தாய்க்கு விடுப்பு கிடைக்கும். ஆனால் போக்னாவுக்கு இது நடந்த காலத்தில் சான்றிதழில் ஆணா பெண்ணா என்று எழுதியாகவேண்டும். பதினோராவது வாரத்தில் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம், முடிவு வரக் காத்திருக்கவேண்டும். அடக்கம் செய்யக் காத்திருக்கிறவர்களிடம் அதைச் சொல்ல மனம் வராது. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. தாயையே கேட்பார்கள்.

போக்னா என்னிடம் சொன்னபடி அந்தப் பேச்சு இது. கேட்டவள் மருத்துவச்சி.

"உனக்கு என்ன படுதும்மா?"

"எதுக்கு?"

"மனசுல ஒண்ணு இருக்குமில்ல. பையனா, பொண்ணா?"

"பொண்ணுன்னுதான் இருந்துச்சு."

"அப்ப பொண்ணுதான்."

எழுதினாள். கட்டத்தில் 'பெண்', பெயர் 'ஹேலா'. இதைவிடக் கருணையான ஒரு நிர்வாக நடைமுறையை நான் பார்த்ததில்லை.

4

கோப்பில் மூன்று தாள். மருத்துவமனை கொடுத்த சுருக்கம். ஹேலாவின் சான்றிதழ். மூன்றாவது, காரணம் கண்டுபிடிக்க அனுப்பிய திசுவைச் சோதித்த மரபணு ஆய்வுக்கூடத்தின் அறிக்கை. அது பல மாதம் கழித்து வந்திருந்தது.

"எல்லாத்தையும் ஆங்கிலத்துல வேணும் பானி. நாங்க கார்க்ல இருக்கோம், அயர்லாந்துல. அங்க ஆஸ்பத்திரில கேக்கறாங்க. இப்ப மறுபடியும்…" வயிற்றை நோக்கித் தலையை லேசாக அசைத்தாள். "மூணாம் மாசம்."

வாழ்த்துவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. "சரி" என்றேன்.

"இதுல ஒரு வார்த்தை இருக்கு. அத மட்டும் விட்டுடுங்க."

அறிக்கையில் விரலை வைத்தாள். விரல் வைத்த இடத்தில் இருந்தது: பாலினம், ஆண்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"வந்தன்னிக்கே படிச்சுட்டேன். ஃபின்டனுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர். டாக்டர் கூப்பிடறப்ப பக்கத்துல உக்காந்து அவரும் படிப்பாரு. பால் டப்பால என்ன எழுதியிருக்குன்னுகூட படிக்கற மனுஷன்."

"நம்ம மொழி தெரியுமா அவருக்கு?"

"ஹேலாகிட்ட பேசற அளவுக்குத் தெரியும்."

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். அவளே விளக்கினாள். கல்லறை லுப்லினில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அம்மா அங்கே போய், மெழுகு விளக்கு ஏற்றி, போனைக் கல்லுக்கு நேராகப் பிடிப்பார். கார்க்கிலிருந்து ஃபின்டன் பேசுவான். 'ஹேலாக் குட்டி, அப்பா பேசறேன். இங்க காத்து அதிகம். உங்கம்மா என் தொப்பிய ஒளிச்சு வெச்சுட்டா.' அதற்காகத்தான் எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டான். வேறு யாரிடமும் அதில் பேசியதில்லை.

"எங்கம்மாவுக்கு சில நாள் கை கடுக்கும். 'மாப்பிள்ளை, குளுருது, இன்னிக்கு இது போதும்'னு கட் பண்ணிடுவாங்க. அவருக்குக் கோவம் வரும்." சிரிக்க முயன்றாள். "நான் அவர்கிட்ட போய் என்னன்னு சொல்லுவேன், நீங்களே சொல்லுங்க."

ஜன்னல் பக்கமிருந்து காஜிக் சொன்னார்: "பானி, தப்பா நினைக்காதீங்க. இவ ஒரு கமாவக்கூட விடமாட்டா. போன வருஷம் ஒருத்தர் காபிய கொட்டிட்டாரு, அந்தக் கறையக்கூட மொழிபெயர்த்தா."

"கறை எழுத்த மறைச்சிருந்துச்சு" என்றேன்.

ஒரு பகுதியை மட்டும் மொழிபெயர்க்க வழி உண்டு என்று போக்னாவிடம் சொன்னேன். அப்படிச் செய்தால் தலைப்பிலேயே 'பகுதி' என்று எழுதவேண்டும்.

"மீதி எங்கன்னு கேப்பாரே."

"கேப்பாரு."

"அப்ப அது எதுக்கு?"

5

இந்த இடத்தில் எனக்கு ஃபின்டன்மேல் சந்தேகம் வருகிறது. அவனுடைய நடத்தையைப் பற்றி இல்லை. அவன் என் கதையில் இருக்கிற விதத்தைப் பற்றி.

காஜிக்கும் அதையே சொன்னார். "இந்த ஐரிஷ்காரன் ரொம்ப நல்லவனா இருக்கானே. கத்தவே மாட்டானா? ஒரு குறையாவது கொடு, அப்பத்தான் நம்புவேன்."

கொடுத்துப் பார்த்தேன்.

"'அப்போ இத்தனை நாளும் நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?' என்று ஃபின்டன் கத்தினான். நாற்காலி பின்னால் சாய்ந்து —"

[கைவிட்டேன்.]

"ஃபின்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். 'எனக்கு எப்போதோ தெரியும்' என்று —"

[இதையும். இது எனக்கே நல்லபடியாக முடியவேண்டும் என்ற ஆசை. அவனுக்கு அதில் பங்கில்லை.]

அவனை நான் பார்த்தது போக்னாவின் போனில் ஒரு வீடியோவில் மட்டும். சமையலறையில் நின்றபடி, போனை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, எங்கள் மொழியின் கடினமான ஒலிகளை மெல்ல மெல்ல உச்சரிக்கிறான். தப்பாக வந்தால் நிறுத்தி, முதலிலிருந்து சொல்கிறான். பொறுமையில்லாத ஆள் என்று தோன்றியது. அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் பொறுமையைக் கடன் வாங்கி வந்ததுபோல இருந்தான். இதற்குமேல் அவனைப் பற்றி எனக்குத் தெரியாது. நானாக எதையும் சேர்க்கப்போவதில்லை.

6

விலை சொல்வதற்காக அறிக்கையைக் கடைசிவரை படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவள் விட்டுவிடச் சொன்ன சொல்லின்மேல்தான் மொத்த அறிக்கையும் நிற்கிறது என்று.

மொழிபெயர்ப்பாளர் மருத்துவம் விளக்கக்கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு விஷயம் எப்படி இயங்குகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடிவதில்லை. இனிப்புப் பெட்டியின் மூடியை எடுத்தேன். எண்ணெய்க் கறை படாத ஓரத்தில் பேனாவால் வரைந்தேன்.

"இதப் பாருங்க. பொண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு இருக்கும். ஒண்ணு அம்மா கொடுத்தது, ஒண்ணு அப்பா கொடுத்தது. பையனுக்கு ஒரே எக்ஸ்தான், அது அம்மா கொடுக்கறது. இந்தக் கோளாறு எக்ஸ்ல உக்காந்திருக்கு. பொண்ணா இருந்தா அப்பா கொடுத்த எக்ஸ் சமாளிச்சுக்கும். குழந்தை பொழைச்சுக்கும். பையனுக்கு சமாளிக்க இன்னொண்ணு கிடையாது."

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதனாலதான் தங்கலன்னு எழுதியிருக்காங்க. 'ஆண்'ங்கற வார்த்தைய எடுத்துட்டா, பொண்ணுங்க தாங்கிக்கற ஒரு கோளாறுல ஒரு பொண்ணு செத்துப்போச்சுன்னு ஆகும். கார்க் டாக்டர்ங்க குழம்பிடுவாங்க. இதுவா இருக்காதுன்னு வேற காரணம் தேடுவாங்க. இப்ப வயித்துல இருக்கறதுக்குப் பண்ணவேண்டிய டெஸ்ட்ட பண்ணாம விட்டுடுவாங்க."

"அந்தக் கெட்ட எக்ஸ்…" மூடியில் நான் போட்டிருந்த அம்புக்குறியின் மேல் விரலை வைத்து, அது தொடங்கும் இடத்துக்குப் பின்னோக்கி இழுத்தாள். "இது நான்தானே?"

அம்புக்குறியை நான்தான் போட்டிருந்தேன். தெளிவாகத்தான் போட்டிருந்தேன்.

"ஆமா. ஆனா அது யாரோட தப்பும் —"

[இந்த வாக்கியத்தை நான் எழுதும்போது கைவிடவில்லை. அன்று பேசும்போதே விட்டுவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.]

கணவனுக்குத் தெரியக்கூடாத ஒன்றோடு அவள் உள்ளே வந்தாள். இப்போது அது இரண்டு. காஜிக் எழுந்துபோய், கேட்காமலேயே கெட்டிலைப் போட்டார்.

7

டீயைக் குடித்துவிட்டு, "எல்லாத்தையும் எழுதிடுங்க" என்றாள். சிக்கல் அதோடு தீர்ந்திருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்கமாட்டேன்.

சான்றிதழ் 'பெண்' என்கிறது. அறிக்கை 'ஆண்' என்கிறது. இரண்டையும் அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால், கார்க்கில் படிக்கிற மருத்துவர் என்ன நினைப்பார்? சோதனைக்கு அனுப்பிய மாதிரி மாறிவிட்டது என்று நினைப்பார். வேறொரு குழந்தையின் திசு இந்தப் பெயரில் போய்விட்டது, இந்த அறிக்கையை நம்பவேண்டாம் என்று ஓரமாக வைத்துவிடுவார். தாயைக் கேட்டு எழுதுகிற வழக்கம் அவர் ஊரில் கிடையாது. அதைச் சொல்ல இடம் ஒன்றுதான் உண்டு: சதுர அடைப்புக்குறி.

அதற்குள் கருத்து வரக்கூடாது, ஆறுதல் வரக்கூடாது. கண்ணால் கண்டதையும், வெளிநாட்டு வாசகருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத சட்ட வழக்கத்தையும் மட்டும் சொல்லலாம். போக்னாவின் முன்னாலேயே எழுதிப் பார்த்தேன்.

[இரு ஆவணங்களிலும் பாலினம் வேறுபடுகிறது, மூலத்தில் உள்ளபடி.]

இது மருத்துவரின் சந்தேகத்தைக் கூட்டும். அடித்தேன்.

[பதிவு நடந்த காலத்தின் வழக்கப்படி, சான்றிதழில் பாலினம் ஆய்வு முடிவுக்குக் காத்திராமல், தாயின் கூற்றுப்படி பதிவு செய்யப்படலாம்.]

படித்துக் காட்டினேன்.

"தாயின் கூற்றுன்னா, நான் சொன்னேன்னு அர்த்தம்."

"அப்படி செய்யலாம்ங்கறது வழக்கம், அவ்வளவுதான் எழுதியிருக்கு."

"அவர் அப்படிப் படிக்கமாட்டாரு பானி ரோமானா." குரலை உயர்த்தாமல் சொன்னாள். "டாக்டர் பார்த்துட்டு பொண்ணுன்னு சொன்னாருன்னு நினைச்சிட்டிருக்காரு. அவர் கார்க்லேருந்து வந்து சேர்றப்ப சான்றிதழ் கையில இருந்துச்சு. என்னைக் கேட்டாங்கன்னு நான் சொல்லவே இல்ல. சொல்லணும்னு தோணல. அது ஒரு விஷயமாவே படல."

"சரி."

"நான் பொய் சொல்லல."

"தெரியும்."

"எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. அத எழுத முடியுமா அதுக்குள்ள?"

[தாய் பொய் சொல்லவில்லை. அவளைக் கேட்டார்கள். அவள் —]

அடித்தேன். இது மூலத்தில் இல்லை. சட்டத்திலும் இல்லை. என் முத்திரை இதன்மேல் நிற்காது.

"முடியாது" என்றேன்.

தலையசைத்தாள். "ரெண்டாவது எழுதினதையே வைங்க. டாக்டருக்குப் புரியணும்."

8

பக்கங்களை அடுக்கி, மூலையை மடித்துத் தைத்து, மடிப்பின்மேல் முத்திரை வைத்தேன். பாதி முத்திரை ஒரு பக்கத்தில், பாதி அடுத்ததில். ஒரு தாளைப் பிரித்தாலும் முத்திரை உடைந்துவிடும், ஆவணம் செல்லாது. இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்று அவள் அந்த மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததைக் கண்டதும் பிடிக்காமல் போனது.

காஜிக் மிச்சமிருந்த உருண்டைகளை அவளிடமே கொடுத்தார். "கொண்டுபோங்க பானி. இங்க இருந்தா நான் தின்னு தீர்த்துடுவேன். அப்புறம் என் பொண்டாட்டி உங்களத் தேடி கார்க்குக்கே வருவா."

அவள் வாங்கிக்கொண்டாள். கதவின் கைப்பிடியைப் பிடித்தவள் திரும்பினாள்.

"பானி ரோமானா."

"சொல்லுங்க."

"இப்பவும் எனக்கு பொண்ணுன்னுதான் படுது."

என் முகத்தைப் பார்த்தாள். மேசைமேல் திறந்து கிடந்த பெட்டி மூடியை, அதில் நான் வரைந்த படத்தைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

கதையை இங்கேயே முடி என்கிறார் காஜிக். அவர் சொன்ன பிறகும் நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், விமானம் ஏறும் முன் அவள் ஃபின்டனைக் கல்லறைக்கு வரவழைத்து, அம்மாவின் போன் இல்லாமல், நேரிலேயே சொல்கிறாள். அவன் எங்கள் மொழியில் ஏதோ தொடங்கி, எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிறுத்துகிறான். இரண்டாவதில், மருத்துவமனையில் தாளை அவனிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவன் ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறான். என்னுடைய அடைப்புக்குறிக்கு வந்துசேர்கிறான். மூன்றாவதில், அவனிடம் தேதியையே சொல்லாமல் தனியாகப் போகிறாள். சோதனை முடிவை மருத்துவர் சொல்லும்போது பக்கத்து நாற்காலியில் அவளுடைய கோட்டு மட்டும் இருக்கிறது.

மூன்றிலும் அந்தச் சோதனை முடிவு என்னவென்று எழுதியிருந்தேன். மூன்றிலும் அடித்துவிட்டேன். பெண் என்று எழுதினால், அவளுடைய மனம் சொன்னதற்கு நான் சான்று கொடுத்ததாகும். ஆண் என்று எழுதினால், அந்தக் கெட்ட எக்ஸ் அந்தப் பிள்ளைக்குப் போயிருக்கிறதா இல்லையா என்பதையும் நானே எழுதவேண்டும். அவளிடம் இருக்கிற இரண்டு எக்ஸில் ஒன்று அவனுக்குப் போயிருக்கும், எது என்று யாருக்கும் தெரியாது. காகிதத்தில்கூட அந்த நாணயத்தைச் சுண்ட என் கை வரவில்லை.

மூலம் முடிகிற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் நிறுத்தவேண்டும். என்னிடம் இருந்த மூலம் அந்தக் கதவோடு முடிந்தது. நீங்கள் எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை. கார்க்கில் அந்த அறையிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து போக்னாவின் பெயரை, எங்கள் ஒலிகள் தெரியாமல், தப்பாகக் கூப்பிடுவாள். நீங்கள் எழுந்து அவளோடு உள்ளே போங்கள். ஃபின்டன் வந்திருக்கிறானா என்று பாருங்கள். வரவில்லை என்றால், அந்தக் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள்.